டீ வேண்டாம் என்று தீர்மானித்தார்கள், அக்கா

காபியைத் தவிர வேறெதையும் பானம் என்று ஒப்புக்கொள்ளாத என் வசந்தா அக்காவுக்கு,

உன் அலுவலகத்தின் மாடி அறையில் சில மாதங்களுக்கு முன் ஒரு வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. கமிட்டித் தலைவர் எழுந்து நின்று வாசித்தார். நாங்களும் நிற்க வேண்டுமோ என்று சந்தேகப்பட்டுப் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தோம். இல்லச் சந்திப்புக்குப் போகும் பணியாளர்கள் பயனாளிகளின் வீட்டில் டீ, காபி, தின்பண்டம் எதையும் ஏற்கக் கூடாது. தாகம் எடுத்தால் சொந்த பாட்டிலிலிருந்து குடித்துக்கொள்ள வேண்டும். ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள். அது முடிந்ததும் எங்களுக்கு இரண்டாம் முறை காபி வந்தது, முந்திரி பிஸ்கட்டோடு.

நான் எப்படி அங்கே என்று கேட்பாய். நீ போனபின் உன் நினைவைப் போற்றும் வகையில் இரண்டு காரியம் செய்தார்கள். உன் படத்தைச் சுவரில் மாட்டினார்கள், என்னைக் கமிட்டியில் உட்கார வைத்தார்கள். உன் படத்துக்கு மாலை உண்டு. மற்றபடி நம் இருவருக்கும் அந்த அறையில் பேச்சுரிமை ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இந்தக் கடிதத்தை நம் ஊர்த் தமிழ் இதழில் போடுகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். இருபது வயதுக்குள் பெற்றோரானவர்கள், அரசு உதவியில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் போவாள். பிள்ளையின் எடை, தடுப்பூசி, தாய் சாப்பிட்டாளா, விட்ட படிப்பைத் தொடர வழியுண்டா, இவற்றையெல்லாம் பார்ப்பாள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை இது நடக்கும். அப்படிப் போகிறவளாகத்தான் நீ உன் செருப்புகளைத் தேய்த்தாய். சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று உன் காதுபடவே கேட்டார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரசாங்கமும் இந்தப் பெண்கள் விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. பதினெட்டுக்கு முன் கல்யாணம் கூடாது, ஆகவே அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்கிறது ஒரு இலாகா. பிள்ளை எடை குறைவாக இருக்கிறது என்கிறது இன்னொரு இலாகா. நடக்காத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு எடை போட்டு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டில் எழுதிவைப்பது மூன்றாவது இலாகா. இந்த மூன்றும் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடம். அங்கே போய் உட்கார்ந்திருந்தவள் நீ.

டீ விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூரிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத மனிதர். உதவி பெறுகிறவர்களிடம் உபசாரம் பெறுவது முறைகேட்டுக்கு முதல் படி என்றார். ஒரு டம்ளர் டீயில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. தீர்மானம் அங்கேயே உருவாகிவிட்டது.

நான் கையைத் தூக்கினேன், அக்கா. உன் தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று நினைக்காதே. வசந்தா எல்லா வீட்டிலும் டீ குடித்தாளே, அதற்கு ஒரு காரணம் இருந்தது என்றேன். தலைவர் மிகுந்த மரியாதையோடு உன் படத்தைப் பார்த்தார். வசந்தா மேடம் தனிப்பிறவி, அதனால்தான் படம் மாட்டியிருக்கிறோம் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலுமாகச் சொன்னார். காரணம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காரணத்தை நீ என்னிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறது. நம் வீட்டில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து டீ வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவள் நீ. அப்படிப்பட்டவள் போகிற வீட்டிலெல்லாம் இஞ்சி டீ கேட்டு வாங்கிக் குடிக்கிறாய் என்று கேள்விப்பட்டு நான் சிரித்தேன்.

"சிரிக்காதடா. காபின்னா டிகாஷனும் பாலும் கலந்து அடுத்த நிமிஷம் கொண்டாந்து நீட்டிருவாங்க. இஞ்சி டீன்னா இஞ்சியத் தேடணும், கழுவணும், பின்னாடி கல்லுல வெச்சுத் தட்டணும், கொதிக்க விடணும். மாமியாக்காரி அந்தப் பக்கம் தட்டற சத்தம் கேக்கற வரைக்கும்தான் அந்தப் பொண்ணு என்கிட்ட வாயத் தொறக்கும். சத்தம் நின்னுச்சுன்னா திரும்ப மருமகளாயிரும்."

"வீட்ல இஞ்சி இல்லேன்னா?"

"இன்னும் நல்லது. கடைக்குப் போவாங்க."

இதுதான் உன் வேலை முறை. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. உன் முகம் ஒவ்வொரு டம்ளருக்கும் எப்படிக் கோணியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன்னை அடக்கம் செய்த அன்று வந்திருந்த அத்தனை பெண்களும் உனக்கு இஞ்சி டீ என்றால் உயிர் என்று சொல்லி அழுதார்கள். நான் மறுக்கவில்லை.

ஊர்க்கோடியில் கேசரே பக்கம் இருக்கும் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். நீ கடைசியாகப் போய்க்கொண்டிருந்த வீடு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்பதும் ஒரு தைரியம். மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவள், மருமகள் கன்னடப் பள்ளியில் படித்தவள். அந்த மருமகளை ரஞ்சிதா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கல்யாணம் ஆகி, இப்போது பதினெட்டைத் தாண்டி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் டைல்ஸ் பதிக்கிறவன், அவனுக்கும் மீசை சரியாக வரவில்லை. வேலை எந்த ஊரில் கிடைக்கிறதோ அங்கே போய்விட்டு வாரக் கடைசியில் வருவான். மாமியார் பழனியம்மா தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள்.

"ரஞ்சிதா பத்தாவது எழுதணும். அது எழுதற வரைக்கும் அடுத்தது வரக் கூடாது. அவ்வளவுதான் அந்த வீட்ல எனக்கு வேலை" என்று நீ என்னிடம் சொன்னாய். அடுத்தது வராமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் போடும் ஊசி இருக்கிறதே, அதற்கு நாள் வரும்போதெல்லாம் பழனியம்மா வீட்டுக் கல் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. அறிவியல் பாடமும் அந்தச் சத்தத்திலேயே கொஞ்சம் நடந்தது. ஒளி விலகல் வரை வந்துவிட்டாள் என்று நீ பெருமைப்பட்டுக்கொண்டாய். அதற்கடுத்த பாடத்துக்கு நீ வரவில்லை.

உன் இடத்துக்கு ஸ்வேதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். சமூகப்பணியில் பட்டம் வாங்கியவள், நேரம் தவறாதவள், அவள் தூக்கினால் பிள்ளைகள் அழாமல் இருக்கின்றன. அவளை நான் குறை சொல்லப் போவதில்லை. அவள் கையில் ஒரு தொடுதிரை டேப் கொடுத்திருக்கிறார்கள். அதில் கேள்விகள் வரிசையாக வரும், ஒன்றுக்குப் பதில் போடாமல் அடுத்ததுக்குப் போக முடியாது. பிள்ளை பால் குடிக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறாயா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன செய்கிறாய். எல்லாம் நல்ல கேள்விகள். அவற்றைக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, தெளிவான குரலில் கேட்கிறாள். டீ இல்லாததால் பழனியம்மா எழுந்து போக ஒரு முகாந்திரமும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

பழனியம்மா என்னை ரேஷன் கடை வாசலில் பிடித்துக்கொண்டாள். வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"ஏனுங்ணா, உங்க ஆபீஸ்ல இருந்து வர்ற பொண்ணு எங்கூட்டுல வாய் நனைக்க மாட்டேங்குதே. நாங்க என்ன ஆகாத சாதிங்களா? உங்கக்கா அத்தன நாளா குடிச்சாங்களே, அவங்களுக்கு என்ன ஒட்டிக்கிச்சு?"

"அது ஆபீஸ் ரூல்மா. யார் வீட்லயும் குடிக்கக் கூடாதாம்."

"பெரிய பங்களாவுக்குப் போனாலுமா?"

"பங்களாவுக்கெல்லாம் அவங்க போறதில்லையே."

"அதானே பாத்தேன். அந்த ரூலு உங்களுக்குங்களா?"

"எனக்கு இல்ல."

"அப்ப வாங்க."

போனேன். கூடத்தில் பாய் போட்டார்கள். நான் ஒன்றும் கேட்காமலே பழனியம்மா இஞ்சி டீதானே என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனாள். கல் சத்தம் கேட்டது. ரஞ்சிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா, நீ அந்த வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாயோ அந்த இடத்தில் நான் இருந்தேன். கல் தட்டிக்கொண்டே இருந்தது. தலை நரைத்த ஒரு ஆண்பிள்ளை, நேற்றுவரை பள்ளிக்கூடச் சீருடை போட்டிருந்த ஒரு பெண்ணிடம், ஊசி போட்டுக்கொண்டாயா அம்மா என்று எப்படிக் கேட்பது? தமிழில் அதற்கு வாக்கியம் இருக்கிறது. ஆயுள் முழுக்க அச்சகத்தில் மற்றவர்களுடைய வாக்கியங்களைத் திருத்தியவன் நான். புத்தகம் எங்கே என்று கேட்டேன். பெட்டியில் இருக்கிறது என்றாள்.

பிறகு அவளே மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, ஸ்வேதா மேடத்த தனியா வரச் சொல்றீங்களா?"

"தனியாத்தானம்மா வர்றாங்க?"

"அவங்க தனியா இல்ல மாமா. நான் தனியா இருக்கறப்போ."

"நீ எப்ப தனியா இருப்பே?"

யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள், பரீட்சையில் கேள்வி வந்ததுபோல. "இருக்கறதில்ல" என்றாள். "வசந்தக்கா போனதுல இருந்து ஒரே பேஜாரு மாமா."

பின்பக்கத்துச் சத்தம் நிற்கவே இல்லை. எந்த இஞ்சிக்கும் அவ்வளவு அடி தேவையில்லை. எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் வந்தது. டீ வந்தபோது காரத்தில் தொண்டை எரிந்தது. குடித்து முடித்தேன். பழனியம்மா என் டம்ளரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்த காரியம் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டாள். வழிகாட்டுகிறேன் என்று சொல்லித் தெருமுனை வரை என்னோடு வந்தாள். எனக்கு வழி தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"உங்கக்கா இஞ்சி கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சுங்ணா" என்றாள்.

"என்ன புரிஞ்சது?"

"அந்தப் புள்ளகிட்டப் பேச இருக்குன்னு. என்ன பேச்சுன்னும் தெரியுமுங்க. நானும் அந்த வயசுல பெத்தவதான், ஒண்ணு மேல ஒண்ணா. ஒடம்பு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா நான் மாமியாக்காரி. என் காதுல விழுந்துச்சுன்னா வேண்டாம்னுதான் சொல்லோணும். இல்லீன்னா எங்கூட்டுக்காரரு கேப்பாரு, நாத்தனா ஊரு பூரா சொல்லுவா. விழக்கூடாதுன்னுதான் அந்தக் கல்லத் தட்டுனது. எங்கூட்டுல யாருங்க இஞ்சி டீ குடிக்கறாங்க?"

நான் தெருவில் நின்றுவிட்டேன். ஆக, அந்த டீ அந்த வீட்டில் யாருக்குமே பிடிக்கவில்லை. ஊற்றியவளுக்கும் இல்லை, குடித்தவளுக்கும் இல்லை. உனக்கு இது தெரியுமா, அக்கா? அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துதான் வாரா வாரம் கேட்டாயா? இதை உன்னிடம் கேட்காமல் விட்டது எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

"இப்ப வர்ற பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா கேக்குதுங்ணா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன பண்றீங்கன்னு. அன்னிக்குன்னு பாத்து நாத்தனாளும் வந்து உக்காந்திருக்கா. நான் என்னத்தச் சொல்ல? எங்கூட்டுல அதெல்லாம் கிடையாதுன்னு சொல்லிப்புட்டேன். சொன்னப்புறம் அந்தப் புள்ளைய எப்படிங்க அனுப்பறது?"

"நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடக் கூடாதாம்மா? நாள் தள்ளிப் போயிட்டிருக்குமே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் படிப்பு எதுவும் ஒட்டவில்லையோ என்ற இரக்கம் இருந்தது.

"நான் கூட்டிட்டுப் போனா, எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிருமுங்களே."

அன்று மாலையே ஸ்வேதாவிடம் பேசினேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள், கண் கலங்கினாள். "சார், விசிட் முடியறப்போ கடைசியா ஒரு கேள்வி வருது, உபசாரம் ஏற்கப்பட்டதான்னு. ஆமான்னு போட்டா விளக்கம் எழுதச் சொல்லுது."

"இல்லைன்னு போட்டுடேம்மா."

"போன வாரம் ஒரு பொண்ணு அப்படித்தான் போட்டா சார். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க. அவளுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கல."

இருந்தாலும் அவளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் தன் பாட்டிலைப் பையின் அடியில் ஒளித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். தண்ணீரை விதி ஒருவேளை பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறாள். பழனியம்மாவும் ஆவலாக எழுந்து உள்ளே போயிருக்கிறாள். குடம் வாசற்படிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். தண்ணீரைத் தட்டவும் வேண்டியதில்லை, கொதிக்க விடவும் வேண்டியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

கமிட்டியை உடனே கூட்டச் சொல்லி நச்சரித்தேன். கூடியது. பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஊசி நாள் கடந்துகொண்டிருக்கிறது, அவளை அனுப்ப மாமியாருக்கும் சம்மதம்தான், ஆனால் அந்தச் சம்மதம் வாயால் சொல்லப்படாத வரைதான் சம்மதம், அதற்கு ஒரு டம்ளர் டீ தேவைப்படுகிறது என்றேன். அறையில் எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிகவும் சுவாரசியமான கலாசாரத் தகவல் என்றார் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் உறுப்பினர். இதை ஆய்வாகச் செய்யலாம் என்றும் சொன்னார்.

தலைவர் விதிவிலக்குக்கு வழி செய்தார். பயனாளியின் குடும்பத்தில் மூத்த பெண், தங்கள் வீட்டில் பணியாளருக்கு டீ தர விரும்புவதையும் அதற்கான காரணத்தையும் எழுத்துமூலம் தெரிவித்தால், அதைப் பரிசீலிக்கலாம். காரணத்தைத் தன் காதில் விழாமல் செய்யத்தான் அந்த மூத்த பெண் கல்லைத் தட்டுகிறாள் என்று மறுபடியும் சொன்னேன். பதிவு செய்துகொள்கிறோம் என்றார். அப்படியானால் தீர்மானத்தையே திரும்பப் பெறுங்கள் என்றேன். அதற்குத் தணிக்கையாளரும் இருக்க வேண்டும், அவருக்குத் தேதி கேட்க வேண்டும், இப்போது ஊர் முழுக்க தசரா ஏற்பாட்டில் இருக்கிறது, ஊர்வலத்து யானைகளே காட்டிலிருந்து வந்திறங்கிவிட்டன, தசரா முடியட்டும் என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. காபி வந்தது.

அதற்குப் பிறகு நானே இரண்டு மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். ஒருமுறை நம் மாடிவீட்டு லலிதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளாவது பேசுவாள் என்று பார்த்தேன். யாரோ புதுப் பெண்பிள்ளை எதற்கு வந்திருக்கிறாள் என்று பழனியம்மாவின் நாத்தனார் கதவோரமாக வந்து நின்றுகொண்டாள், இஞ்சி தட்டி முடியும்வரை நின்றாள். லலிதா குழந்தையின் தலைமுடியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். உனக்கு அந்த நாத்தனாரை என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். அவளையும் எதையாவது வாங்கி வர அனுப்பியிருப்பாயோ? வெற்றிலை போடுவாயா அவளுக்காக? உன்னால் முடியும். நான் அதற்கெல்லாம் லாயக்கில்லாதவன்.

வீட்டுச் செய்திகள் பெரிதாக ஒன்றுமில்லை. உன் காபி ஃபில்டரின் மூடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு தட்டைப் போட்டு மூடுகிறேன், டிகாஷன் ஆறிவிடுகிறது. அலுவலகத்தில் உன் படத்துக்குக் கீழே ஒரு வாசகம் எழுதி வைக்கப் போகிறார்கள், வீடு வீடாகச் சென்று உள்ளங்களைத் திறந்தவர் என்று. என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். பிழை இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

தசரா முடிந்துவிட்டது, அக்கா. யானைகள் காட்டுக்குத் திரும்பிவிட்டன. தணிக்கையாளர் இன்னும் தேதி தரவில்லை. அவர் எப்போது தந்தாலும் அந்த மாடி அறையில் முதல் ஆளாகப் போய் உட்காருவேன். தீர்மானத்தைத் திரும்பப் பெறும்வரை எழுந்திருக்க மாட்டேன். அதுவரை கமிட்டி கொடுக்கும் காபியை வாயில் வைக்க மாட்டேன். ஏன் என்று கேட்டால், விதி என்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போன செவ்வாய்க்கிழமை ரஞ்சிதாவுக்கு இரண்டாவது தாயி கார்டு கொடுத்திருக்கிறார்கள்.

உன் கூடப்பிறந்தவன்,
குமார்